4417 வண்டிக்கு வந்த வாழ்த்து அட்டை

தூத்துக்குடி,
27.12.2025

அன்பு மகன் ஜெர்சனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் இரக்கத்தால் இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், அந்தப் பனியிலும் காற்றிலும் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறோம். பக்கத்து வீட்டு ஸ்டெபி மூன்றாம் தேதி டென்மார்க்குக்கு வருகிறாள், அவளிடம் அச்சுமுறுக்கும் மக்ரூனும் கொடுத்துவிடுகிறேன், மக்ரூன் டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் "சுருக்கமாச் சொல்லும்மா, மேல ஏறணும்" என்கிறாய். இது சுருக்கிச் சொல்கிற விஷயம் இல்லை மகனே, உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் நட்சத்திரம் கட்ட மாடியில் ஏறாதீர்கள் என்று சொன்னால் கேட்கவில்லை. நாசரேத்தில் உன் அக்கா ஜெபிஷா பிள்ளைக்கு இரண்டு பல் வந்துவிட்டது, யாரைப் பார்த்தாலும் கடிக்கிறாளாம். போன வாரம் துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கை ஒன்றை நீள டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஆபீஸ் வழியாகப் போனார்கள், வளைவில் திருப்ப ஒரு மணி நேரம் ஆனது, ரோடே நின்று பார்த்தது. இதைத்தான் என் மகன் அங்கே உயரத்தில் தொங்கிக்கொண்டு பழுது பார்க்கிறான் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டிரெய்லர் கம்பெனி முதலாளி டிக்சன் ஐயாவின் மகன் ரெனிஷ், கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு ஜூன் மாதத்திலிருந்து ஆபீசில் வந்து உட்காருகிறான். வழக்கமாகக் கிறிஸ்துமஸ், புது வருஷத்துக்கு, சரக்கு அனுப்பும் பார்ட்டிகளுக்கு ஒரு காலண்டரும் அச்சடித்த வாழ்த்தும் அனுப்புவோம், அவ்வளவுதான். இந்த வருஷம் அவன் வாழ்த்தோடு சேர்த்து நம் ஆட்களைப் பற்றி இரண்டு பக்கத்துக்குச் செய்தி போடவேண்டும் என்றான், யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிள்ளை, யார் எத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறார் என்று. அதை என் தலையில் கட்டிவிட்டான். "உங்களுக்குத் தெரியாததா ஆன்ட்டி" என்றான். எனக்கும் கொஞ்சம் பெருமைதான், இருபத்து நாலு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டே நாளில் முதல் பக்கம் நிறைந்துவிட்டது. டயர் ஷெட் மெல்வினுக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் பெண். கிளாட்வின் பத்து வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் டிரெய்லர் ஓட்டுகிறான். இரண்டாம் பக்கத்துக்கு என்ன எழுதுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அட்டை வந்தது.

டிசம்பர் பத்தாம் தேதி தபாலில், பார்ட்டிகள் அனுப்பும் பளபளப்பான அட்டைகளுக்கு நடுவில், சின்னதாக ஒரு குத்துவிளக்குப் படம் போட்ட அட்டை. உள்ளே நீல மையில் குண்டு குண்டான எழுத்து. "4417 வண்டி ஓட்டுகிற அண்ணனுக்குப் புத்தாண்டு வாழ்த்து. இந்த வருஷம் கம்பு ஊன்றாமல் நடக்கிறேன். செல்வலட்சுமி, தையல் கடை, கழுகுமலை." அவ்வளவுதான். பெயர் இல்லாமல் வண்டி நம்பருக்கு யாராவது வாழ்த்து அனுப்புவார்களா? அந்தக் குண்டு எழுத்தை எங்கேயோ பார்த்தமாதிரியும் இருந்தது. பழைய அட்டைகளை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டுவதற்காக நான் மேசை டிராயரில் சேர்த்து வைப்பது உனக்குத் தெரியும். அதைக் கொட்டித் தேடினேன். போன வருஷத்து அட்டை கிடைத்தது, "கம்பு ஊன்றி நடக்கிறேன்" என்றிருந்தது. அதற்கு முந்தைய வருஷத்து அட்டையும் கிடைத்தது, வெள்ளம் வந்த வருஷம், ஆபீசுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றதே, அப்போது வந்த தபாலை யார் படித்தார்கள், காயவைத்து அப்படியே டிராயரில் போட்டிருக்கிறேன். மை கரைந்து பரவிய அந்த அட்டையில் "உயிரோடு இருக்கிறேன், நன்றி" என்று இருந்தது.

அந்த விலாசத்துக்கு அன்றே ஒரு கார்டு எழுதிப் போட்டேன், ஆனால் பதில் வரும்வரை காத்திருக்க என்னால் முடியுமா? அம்மா துப்பறிய ஆரம்பித்துவிட்டாள் என்று நீ சிரிப்பது காதில் விழுகிறது. 4417 ஓட்டுகிற கிளாட்வினைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினேன். பயந்துபோனான். "ஏக்கா, எனக்கு எந்தச் செல்வலட்சுமியையும் தெரியாது, இத எம் பொண்டாட்டி காதுல போட்டுராதிய" என்றான். பிறகு யோசித்து, "எனக்கு முன்ன இந்த வண்டிய மரியான்லா ஓட்டுனான்" என்றான். மரியான் என்ற பெயரைக் கேட்டதும் நான் அட்டையை மூடி வைத்துவிட்டேன்.

மரியானை உனக்கு ஞாபகம் இருக்காது. புன்னைக்காயல்காரன், பதினோரு வருஷம் எங்களிடம் ஓட்டினான், அதிகம் பேசமாட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஏற்றுமதிக்கான ஒரு கண்டெய்னர் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தவன், சாயங்காலம் நாலு மணிக்குள் துறைமுகத்துக்குள் விடவேண்டியதை ஆறு மணிக்குக் கொண்டுவந்தான். கப்பல் போய்விட்டது, அந்தப் பார்ட்டியும் போய்விட்டது. ஐயா கத்திக் கேட்டபோது, "தூங்கிட்டேன் மொதலாளி" என்றான், வேறு ஒரு வார்த்தை இல்லை. அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். சர்வீஸ் சர்டிபிகேட் கேட்டு வந்தபோது, வேலை நேரத்தில் உறங்கியதால் நீக்கப்பட்டார் என்று ஐயா சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். அந்த ஒரு வரியால் இந்த ஊரில் எந்த டிரெய்லர் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டு, பாவம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

பரணில் ஏறிப் பழைய டிரிப் ஷீட்டுகளை இறக்கினேன். பரணில் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியிருந்தன. 2022 அக்டோபர் மாதம், 4417. கூடவே ஜிபிஎஸ் தாள் ஒன்று பின் அடித்து இருந்தது, காலை பதினொன்று பத்திலிருந்து மதியம் மூன்றே கால்வரை வண்டி ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. இடம், கழுகுமலை அருகில். அந்தத் தாளை அன்றைக்கு நானே அச்செடுத்து நானே பின் அடித்திருக்கிறேன் ஜெர்சன். பட்டப்பகலில் நடுவழியில் ஒருவன் நாலு மணி நேரமா தூங்குவான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை பார்.

பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு புன்னைக்காயலுக்குப் போனேன். ஆத்தூர்வரை பஸ், அப்புறம் ஆட்டோ. மரியான் இப்போது படகுகளுக்கு ஐஸ் கொண்டுபோகிற குட்டி வண்டி ஓட்டுகிறான். வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடினான். அவன் மனைவி இசபெல்லா குசினிக்குள்ளிருந்து வந்து, நான் யார் என்று தெரிந்ததும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மூணு வருசமா தூங்குமூஞ்சின்னு ஊரே சிரிச்சாச்சு, இன்னும் என்ன விசாரிக்க வந்திருக்கிய" என்று கேட்டாள். நான் மூன்று அட்டைகளையும் மரியான் கையில் கொடுத்தேன். அவன் முதல் அட்டையை ரொம்ப நேரம் பார்த்தான், இரண்டாவதைப் பார்த்தான், மூன்றாவதைப் படித்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "காலு வராதுன்னுல்லா டாக்டர் சொன்னாரு" என்றான்.

பிறகு மெதுவாகச் சொன்னான். கழுகுமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், எதிரே மொபெட்டில் வந்த பெண்ணை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிப் பார்த்தால் தொடையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டினான், அது நனைந்துபோயிற்று, சட்டையைக் கழற்றிக் கட்டினான். "எம் பின்னால நாப்பதடிப் பெட்டி நெறய பேண்டேஜ் துணிக்கா, ராஜபாளையத்துல ஏத்துனது. சீல் போட்ட பெட்டி, ஒரு முழம் எடுக்க முடியாது" என்றான். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தான். அந்த வழியாக வந்த லோடு ஆட்டோவில் அவளைப் படுக்கவைத்து, காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே கோவில்பட்டிக்குப் போயிருக்கிறான். டிரெய்லரோடு கோவில்பட்டிக்குள் போய்த் திரும்ப முடியாது, அவ்வளவு உயரத்தில் அவளை ஏற்றி இறக்கவும் நேரம் இல்லை. ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம், பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனானாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றார்கள், கொடுத்தான். ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள், அண்ணன் என்று மட்டும் போட்டுக் கிறுக்கினான். புருஷன்காரர் வந்து சேரும்வரை இருந்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் பஸ் ஏறித் திரும்பி வந்து பார்த்தால், அந்த டீக்கடை அம்மா கடையைச் சாத்திவிட்டு, ஸ்டூலைக் கொண்டுவந்து பெட்டிக் கதவுப் பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தாராம். சீல் அப்படியே இருந்தது. வண்டி நம்பரையும் கம்பெனிப் பெயரையும் அந்த அம்மாதான் பிறகு செல்வலட்சுமி வீட்டுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

இதை ஏன்டா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "தூங்கிட்டேன்னா என்னைய மட்டுந்தான் ஏசுவாவ. சீல் போட்ட பெட்டிய ரோட்டுல விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா கஸ்டம்ஸ்ல பெட்டியப் பிரிப்பாவ, கம்பெனி பேரு கெடும், மத்த டிரைவருவளுக்கும் இடைஞ்சல்" என்றான். இசபெல்லா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடமும் அவன் இதுவரை சொல்லவில்லை! "எங்கிட்டயுமா தூங்கிட்டேன்னு சொன்னிய" என்று கேட்டாள். "ஒங்கிட்டச் சொன்னா மறுநா நீ ஆபீசு வாசல்ல நின்னு சத்தம் போட்டுருப்ப" என்றான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து எங்களுக்குக் காப்பி வந்தது. திரும்பும்போது ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் அப்பா, "அந்தச் சர்டிபிகேட்டை நீதானே அடிச்ச" என்று கேட்டார்கள்.

மறுநாள் ஐயாவிடம் அட்டைகளையும் ஜிபிஎஸ் தாளையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போனேன், அவருக்குக் கோபம்தான் வந்தது. "பெட்டிய நடுரோட்டுல போட்டுட்டுப் போனானா? சீல் உடஞ்சிருந்தா யாரு பதில் சொல்லுறது? தூங்குனதே தேவல போலயே" என்றார். இதைச் செய்தியில் போடவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதையும் நீ யோசித்துப் பார், சீல் உடைந்த பெட்டிக்குள் எவனாவது எதையாவது வைத்திருந்தால் கம்பெனியே மூடவேண்டியிருக்கும். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. நான்கு நாள் இரண்டாம் பக்கத்தைத் தொடாமலே இருந்தேன். பத்தொன்பதாம் தேதி அச்சுக்குக் கொடுக்கவேண்டிய நாள், ரெனிஷ் வந்து இரண்டாம் பக்கம் எங்கே ஆன்ட்டி என்றான். நேராக ஐயா அறைக்குப் போனேன். இரண்டாம் பக்கத்தில் மரியானைப் பற்றி எழுதாவிட்டால் இந்தச் செய்தியை நான் கொடுக்கமாட்டேன், என் பெயரையும் எடுத்துவிடுங்கள், அந்தச் சர்டிபிகேட்டில் பொய்யை டைப் அடித்த கை இது என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை, வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவன வரச் சொல்லுங்க, நானே கேக்கேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை மரியான் வந்தான். இசபெல்லாவும் கூட வந்து என் மேசைக்கு எதிரில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஐயா என்னையும் ரெனிஷையும் அறைக்குள் இருக்கச் சொன்னார். மரியானிடம், "ஏலே, ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்லா" என்று கேட்டார். மரியான் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி, "போட்டா போவாதன்னு சொல்லியிருப்பிய மொதலாளி. சொன்ன பெறவு என்னால போவாம இருக்க முடியாது. அதான் போடல" என்றான். ரெனிஷ் அப்பா முகத்தைப் பார்த்தான். ஐயா ஜன்னல் பக்கம் திரும்பி, யார்டில் நிற்கிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "ஆமா. போவாதன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அதை அவர் சொன்ன குரலை என்னால் எழுத முடியவில்லை ஜெர்சன். மகன் முன்னால், என் முன்னால், தான் நிறுத்திய டிரைவர் முன்னால், அந்த ஒரு வார்த்தையை அவர் மழுப்பாமல் சொன்னார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பழைய சர்டிபிகேட்டை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு அடிக்கச் சொன்னார். கூடவே டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரு அறிவிப்பும் சொல்லச் சொல்ல அடித்தேன். வழியில் உயிருக்கு ஆபத்தான யாரையாவது பார்த்தால் வண்டியை நிறுத்தி உதவிவிட்டு ஆபீசுக்குப் போன் செய்யவேண்டும், ஆபீசில் யார் எடுத்தாலும் போ என்றுதான் சொல்லவேண்டும், பெட்டிக்குக் காவலாக உடனே இன்னொரு ஆளை அனுப்பவேண்டியது ஆபீசின் பொறுப்பு. போ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொன்னார். இருபத்து மூன்றாம் தேதி கேக் வெட்டி பிரியாணி போட்ட கூட்டத்தில் ரெனிஷ் இரண்டாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தான். மரியான் வரமாட்டேன் என்றான், இசபெல்லாதான் இழுத்துக்கொண்டு வந்தாள். வாசித்து முடித்ததும் ஒருவரும் கைதட்டவில்லை, கிளாட்வின் மட்டும் எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து மரியான் வேலைக்கு வருகிறான். டிரெய்லர் வேண்டாம், கை கொஞ்சம் பழகட்டும், முதலில் யார்டுக்குள் ஓட்டுகிறேன் என்று கேட்டிருக்கிறான்.

நேற்று மதியம் அந்தச் செல்வலட்சுமி ஆபீசுக்குப் போன் செய்தாள். என் கார்டு இப்போதுதான் கிடைத்ததாம். அழுதுவிட்டு, அண்ணன் பெயர் என்ன என்று கேட்டாள். மூன்று வருஷமாக அவளுக்கு அவன் பெயர் தெரியாது. பெயரையும் நம்பரையும் கொடுத்தேன். இரண்டு பேரும் சாயங்காலம் ரொம்ப நேரம் பேசினார்களாம். என்ன பேசினீர்கள் என்று மரியானைக் கேட்டேன். "சும்மாதான்க்கா" என்கிறான். எனக்கு மண்டை வெடிக்கிறது, இருந்தாலும் விட்டுவிட்டேன்.

இவ்வளவையும் உனக்கு ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போன மாதம் ஒரு வாரம் நீ போனை எடுக்கவில்லை. அப்புறம் எடுத்து, வேலை அதிகம்மா என்றாய். உன் குரல் சரியில்லை என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரிந்தது. நானும் சரிப்பா, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊரில் உள்ளவர்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்கிறவள், என் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த வாரம் என்ன நடந்தது ஜெர்சன்? எதுவாக இருந்தாலும் சொல், நான் அதட்டமாட்டேன், அப்பாவும் அதட்டமாட்டார்கள், சுருக்கமாகச் சொல்லவும் வேண்டாம்.

மேலே ஏறும்போது இடுப்புப் பட்டையின் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார். காதை மூடிக்கொள். அச்சுமுறுக்கைக் கூட இருப்பவர்களுக்கும் கொடு. பிறக்கிற வருஷம் முழுவதும் கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் எங்கேயும் போகவில்லை, போன் பக்கத்திலேயே இருப்போம்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா
கிருபை தேவபிரசாதம்